காளைக் கன்று பிறந்தால் என்ன செய்வது?

பசு கன்று போட்டது என்றால் ஊரில் முதல் கேள்வி, "என்ன கன்று?" என்பதுதான். கிடேரி என்றால் வீட்டில் எல்லோர் முகமும் மலரும். காளைக் கன்று என்றால், "சரி, என்ன செய்வது" என்பார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதன் பிறகு அந்தக் கன்றை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2019ல் நாடு முழுவதும் கால்நடைகளைக் கணக்கு எடுத்தார்கள். மாட்டினம் சுமார் 19 கோடி இருந்தது. அதில் பெண் மாடுகள் மட்டும் சுமார் பதினான்கரைக் கோடி. அதாவது 4 மாடு இருந்தால் 3 பெண், 1 ஆண். ஆனால் பிறக்கும்போது இப்படிப் பிறப்பதில்லை. ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதிதான் பிறக்கின்றன. அப்படியானால் மற்ற காளைகள் எங்கே போயின? சில விற்கப்பட்டு, வெட்டப்பட்டன. பல, கன்றாக இருக்கும்போதே பால் இல்லாமல் செத்துப் போயின. நம் வீட்டுக் கொட்டகையிலேயே செத்தன. யாரும் அடித்துக் கொல்லவில்லை. பால் விடவில்லை, அவ்வளவுதான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் மழை குறைவு. வேர்க்கடலை பொய்த்துப் போனாலும் பால் காசு மாதாமாதம் வரும். அதனால்தான் இங்கே சின்னக் குடும்பங்கள் கறவை மாட்டை நம்பி இருக்கின்றன. பால் வண்டி காலையிலும் மாலையிலும் வரும். கன்று குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் நம் கையில் வராத காசு. இது உண்மை. இதை மறைத்துவிட்டு, "கன்றை வளருங்கள்" என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே முதலில் செலவையே பார்த்துவிடுவோம்.

பால் கணக்கு

கலப்பினக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருக்கும். முதல் மாதம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் கொடுக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். 30 நாளுக்கு 75 லிட்டர்.

இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு. கன்று அப்போது 35 கிலோ இருந்தால் சுமார் 2 லிட்டர் 300 மில்லி. மாதத்துக்கு 70 லிட்டர். மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. கன்று 45 கிலோ இருந்தால் இரண்டே கால் லிட்டர். மாதத்துக்கு 67 லிட்டருக்குச் சற்று மேல்.

மூன்று மாதத்தையும் கூட்டினால் சுமார் 212 லிட்டர். பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,400 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் காளைக் கன்றைக் கைவிடுகிறார்கள்.

ஆனால் இந்தச் செலவைக் குறைக்க வழி உண்டு. இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றின் முன்னால் கொஞ்சம் இளம் புல்லும், ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் வையுங்கள். முதலில் முகர்ந்துவிட்டுப் போய்விடும். தீவனத்தைக் கொஞ்சம் வாயில் தடவிவிட்டால் சுவை பிடித்துக்கொள்ளும். தீவனம் தின்னப் பழகிய கன்றுக்கு இரண்டு மாதத்தில் பாலை நிறுத்தலாம். அப்போது 145 லிட்டரோடு முடிந்துவிடும். பாலே விடாமல் கன்று பிழைக்காது. அளவாக விட்டு, சீக்கிரம் தீவனத்துக்குப் பழக்குவதுதான் வழி.

சீம்பாலில் கஞ்சத்தனம் வேண்டாம்

கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். காத்திருக்கக் கூடாது. தாயின் உடம்பில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகத்தான் கன்றுக்கு வருகிறது. நேரம் போகப்போகக் கன்றின் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சாது. மறுநாள் கொடுத்தால் வயிறு நிறையும். அந்தச் சக்தி சேராது.

தெலுங்குக்காரர்கள் இதை ஜுன்னு என்பார்கள். ஜுன்னு செய்து அக்கம்பக்கம் கொடுப்பது நல்ல வழக்கம்தான். கன்று குடித்தது போக மீதியில் செய்யலாம். இன்னொன்றையும் நினையுங்கள். முதல் சில நாள் சீம்பாலைப் பால் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். ஆகவே அதைக் கன்றுக்குக் கொடுப்பதில் ஒரு காசும் நஷ்டம் இல்லை.

தொப்புள் கொடியில் அயோடின் மருந்து தடவ வேண்டும். தடவாவிட்டால் அது வழியாகக் கிருமி போய், மூட்டு வீங்கி, கன்று நொண்டும்.

பூச்சி மருந்தை 10 முதல் 15 நாளுக்குள் ஒரு தரம் கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம். எருமைக் கன்றுக்கு இது இன்னும் முக்கியம். தாயிடமிருந்தே குடற்புழு வந்துவிடும். வயிறு பானை போல உப்பி, முடி சிலிர்த்து, மண் தின்னும் கன்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தீனி போட்டாலும் புழுவுக்குத்தான் போகும்.

கழிச்சல் கண்டால் பாலை ஒரு வேளை குறைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து அடிக்கடி புகட்டுங்கள். நம் குழந்தைக்குக் கொடுக்கிறோமே, அதே முறைதான். கன்று சாவது பெரும்பாலும் கழிச்சலால் அல்ல, உடம்பில் நீர் வற்றிப் போவதால். கண் உள்ளே போய்விட்டால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டியை வரவழைக்கலாம். இந்த எண்ணைக் கொட்டகைத் தூணில் கரியால் எழுதி வையுங்கள்.

எதற்காக வளர்ப்பது?

இது நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் ஏருக்கும் வண்டிக்கும் காளை வேண்டும். இப்போது டிராக்டர் வந்துவிட்டது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களும் வாடகை டிராக்டரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சின்னக் குடித்தனக்காரர்கள் ஒரு காளைக் கன்றை வாங்கி, காயடித்து, புல்லும் மக்காச்சோளமும் போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் வளர்ப்பார்கள். பிறகு கறிக்கு வெட்டி, ஒரு வருடச் சாப்பாட்டுக்கு உறைபெட்டியில் வைத்துக்கொள்வார்கள். அங்கே அது சாதாரண விஷயம். நம் மாநிலத்தில் சட்டம் வேறு.

1977ல் வந்த ஆந்திரப் பிரதேசச் சட்டப்படி பசுவை வெட்டக் கூடாது. பசுவின் கன்றையும் வெட்டக் கூடாது, ஆண் கன்றானாலும் சரி. எருமைக் கன்றையும் வெட்டக் கூடாது. வளர்ந்த காளை, எருது, எருமை ஆகியவற்றை வெட்டுவதற்கு, அது உழவுக்கும் இனவிருத்திக்கும் பாலுக்கும் இனி உதவாது என்று அதிகாரி சான்று தர வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் அங்கே சட்டம் வேறு. மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் வழக்கம். ஆனால் மாடு வளர்க்கிறவர் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கன்றை யாரிடமோ தள்ளிவிட்டால் நாளைக்கு நம் பெயரும் அதில் வரும்.

அப்படியானால் நம் பக்கம் காளையை வளர்ப்பவர்கள் எதற்கு வளர்க்கிறார்கள்? மேட்டு நிலத்திலும், சின்னத் துண்டு நிலத்திலும், டிராக்டர் திரும்ப முடியாத மாந்தோப்பிலும் இன்னும் ஏர் ஓடுகிறது. வேர்க்கடலைக்கு நடுவே களை ஓட்டவும் எருது வேண்டும். ஜோடி சேர்ந்த, பழக்கிய எருதுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. கனுமு அன்று சந்திரகிரி பக்கம் ரங்கம்பேட்டையில் மாடுகளை ஓடவிட்டு, கொம்பில் கட்டிய பலகையைப் பிடுங்குவார்கள். அதற்கென்றே காளை வளர்ப்பவர்களும் உண்டு. அது ஆசைக்கு வளர்ப்பது. அதைப் பிழைப்புக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்பது என் எண்ணம்.

எருமைக் கடாவின் கதை வேறு. மாட்டினக் கறியில் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போவது எருமைக் கறி மட்டும்தான். பசு, எருது, கன்று ஆகியவற்றின் கறியை ஏற்றுமதி செய்யக் கூடாது. உலகத்தில் எருமைக் கறியை அதிகம் விற்கும் நாடு நம் நாடு. அப்படியிருந்தும் எருமைக் கடாக் கன்றுகள் முதல் சில மாதத்திலேயே ஏராளமாகச் செத்துப்போகின்றன. வளர்ந்தால் பணம் ஆகும் உயிர், வளர்வதற்கு முன்பே போகிறது. இதைக் கண்டுதான் மத்திய அரசு 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) எருமைக் கடாக் கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்க ஒரு திட்டமே போட்டது.

புங்கனூர்க் குட்டை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இது நம் பழைய சித்தூர் மாவட்டத்து இனம். வளர்ந்த மாடே 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரம்தான். அழிந்துபோகும் நிலைக்கு வந்த இனம். பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் காத்து வளர்க்கிறார்கள். 2024 சங்கராந்தியில் பிரதமர் தம் வீட்டில் இந்த மாடுகளுக்குத் தீனி கொடுத்த படம் எங்கும் பரவியது. விலையும் எங்கோ போய்விட்டது. சுத்தமான புங்கனூர்க் காளைக் கன்று பிறந்தால் அதைக் காயடித்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்று போடும். ஒரு நல்ல பொலிகாளை எத்தனையோ கன்றுக்குத் தகப்பன் ஆகும்.

தீவனம்

100 கிலோ எடையுள்ள கன்றுக்குத் தினமும் இரண்டரை கிலோ காய்ந்த தீவனத்துக்குச் சமமானது வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். 5 கிலோ புல்லை உலர்த்தினால் 1 கிலோதான் நிற்கும். ஆகவே 8 கிலோ பச்சைப் புல்லும் 1 கிலோ வைக்கோலும் போட்டால் கணக்கு சரியாகும். இதோடு அரை கிலோ தவிடு, புண்ணாக்கு, கொஞ்சம் தாது உப்பு சேர்த்தால் கன்று மினுமினுவென்று வரும். வெறும் வைக்கோல் மட்டும் தின்ற கன்று வயிறு தொங்கி, முதுகெலும்பு தெரியும். அதற்கு வயிறு நிறைந்தது, சத்துச் சேரவில்லை.

நம் பக்கத்துக்குப் பெரிய வரம் வேர்க்கடலைக் கொடி. வைக்கோலைவிட இதில் சத்து அதிகம். அறுவடையில் மழையில் நனையாமல் உலர்த்திப் போர் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த கொடியும் புண்ணாக்கும் விஷம். கறுத்து, கசந்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கரும்புத் தோகையும் நல்ல தீனி. கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில், 2 சென்ட் இடம் இருந்தாலும் கோ-4 புல் கரணை நடலாம். ஒரு தரம் நட்டால் சில வருடம் வெட்டலாம்.

வைக்கோல் மட்டும்தான் இருக்கிறது என்றால் யூரியா போட்டுப் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். எடுத்துக் காற்றாட ஆறவைத்துப் பிறகு போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைப் போடக் கூடாது. கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் செத்துவிடும். குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். அளவைக் கண்ணால் பார்த்துப் போடாமல், எடை போட்டே போடுங்கள்.

இரண்டு ஆபத்துகளைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, மழை இல்லாமல் வாடிக் குட்டையாக நிற்கும் இளஞ்சோளப் பயிர். அதில் விஷம் ஏறியிருக்கும். அதில் மாட்டை விட்டால் சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும். பூத்த பிறகு வெட்டிப் போடுவதுதான் நல்லது.

இரண்டாவது, கல்யாண மண்டபத்துச் சோறு. திருப்பதியைச் சுற்றி முகூர்த்த நாளில் மண்டபங்களில் சோறு மலைபோல மீதியாகும். புண்ணியம் என்று நினைத்து மாட்டின் முன்னால் கொட்டுவார்கள். மாடும் ஆசையாகத் தின்னும். அவ்வளவு சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். வயிறு உப்பும், அசை போடாது, படுத்துவிடும். மறுநாளே செத்த மாடுகள் உண்டு. பொங்கல் அன்றும் இதே கதைதான். ஒரு உருண்டை படையல் கொடுத்தால் போதும். தப்பித் தவறி அதிகம் தின்றுவிட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி

கோமாரிக்கு 4 மாதம் ஆனதும் போட வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம். 2019 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் இது இலவசம். நன்றாக வளர்ந்த இளங்கன்றைத்தான் சப்பை நோய் தாக்கும். காலையில் நொண்டும், தொடை வீங்கும், அழுத்தினால் நொறநொற என்று சத்தம் வரும், பெரும்பாலும் பிழைக்காது. மழைக்காலத்துக்கு முன் ஊசி போட்டுவிட வேண்டும். எருமை என்றால் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுங்கள். 2022ல் தோல் கழலை நோய் நாடெங்கும் பரவி, ஏராளமான மாடுகளைக் கொன்றது. அதற்கும் ஊசி உண்டு.

"காளைக் கன்றுதானே, ஊசி எதற்கு?" என்று சிலர் ஒளித்துக் கட்டுகிறார்கள். கோமாரிக்குக் காளை, பசு என்ற பேதம் தெரியாது. காளைக்கு வந்தால் பக்கத்தில் கட்டிய கறவைக்கும் வரும். அப்போது பால் காசும் போய்விடும்.

ஊசி போடும்போது காதில் மஞ்சள் வில்லை மாட்டுவார்கள். அதில் 12 இலக்கம் இருக்கும். அதைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கும் அதுதான் அடையாளம்.

காயடிப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கிடுக்கி வைத்து, ரத்தம் வராமல், தோல் கிழியாமல் செய்வார். கல்லால் நசுக்குவது பழைய கொடுமை. புண் அழுகி ரணஜன்னி வரும். எந்த வயதில் செய்வது என்பது எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏருக்கு என்றால் கழுத்தும் திமிலும் கட்டும் வரை விடுவார்கள். சாதுவாக இருந்தால் போதும் என்றால் முன்பே செய்யலாம்.

யார் வளர்க்கலாம், யாருக்கு வேண்டாம்?

சொந்தமாகக் கொடியும் வைக்கோலும் புல்லும் உள்ளவர்கள், மேய்க்க வீட்டில் ஆள் உள்ளவர்கள் வளர்க்கலாம். சாணமும் எருவும் கூடவே வரும். எல்லாத் தீவனத்தையும் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு காளைக் கன்று பாரம்தான். கொட்டகையில் இரண்டு கறவை நிற்கும் இடத்தில் மூன்றாவது வாய் வந்தால், மூன்றும் அரை வயிறாக நிற்கும். அவர்கள் பசுவுக்குச் சினை ஊசி போடும்போதே யோசிக்க வேண்டும். இப்போது பாலினம் பிரித்த விந்து ஊசி வந்திருக்கிறது. அதைப் போட்டுச் சினை பிடித்தால் பத்தில் ஒன்பது தரம் கிடேரிதான் பிறக்கும். கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். பிறந்த பிறகு பட்டினி போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சந்தைக்குப் போகுமுன்

கன்று எவ்வளவு எடை என்று தராசு இல்லாமலே கண்டுபிடிக்கலாம். தையற்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். தோள்பட்டை முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்து எலும்பு முனை வரை நீளம் அளக்க வேண்டும். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும்.

நெஞ்சளவு 60 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஐ 60ஆல் பெருக்கினால் 3,600. அதை 55ஆல் பெருக்கினால் 1,98,000. 660ஆல் வகுத்தால் 300. கன்றின் எடை சுமார் 300 கிலோ. இதே கன்று நெஞ்சளவில் ஒரு அங்குலம் ஏறினால் 310 கிலோ ஆகிவிடும். பார்த்தீர்களா, ஒரு அங்குலத்துக்குப் பத்து கிலோ! ஆகவே டேப்பை இறுக்கியும் தளர்த்தியும் பிடிக்காதீர்கள். தையற்காரர் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய மாட்டுக்குக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை அளக்கலாம்.

மாதம் ஒரு நாள் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நன்றாகத் தின்னும் கன்று நாளுக்கு 400 கிராம் ஏறினால், 365 நாளில் 146 கிலோ. பிறந்த எடை 25 கிலோவையும் சேர்த்தால் ஒரு வயதில் 171 கிலோ. இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் பூச்சியா, தீனியா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் தீவனத்துக்குச் செலவான காசையும் எழுதினால் விற்கும் விலையைச் சொல்லத் தெரியும். சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை நான் இங்கே எழுதவில்லை.

நம் பக்கத்து ஆட்கள் பலர் எல்லை தாண்டி, வேலூரை அடுத்த பொய்கை சந்தைக்குப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை கூடும். அங்கே தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரலுக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். வளர்த்த அம்மாவுக்கோ ஐயாவுக்கோ தெரியாது. துண்டு எடுப்பதற்கு முன்பே எடையையும் செலவையும் எழுதிய நோட்டைப் பாருங்கள். உங்கள் குறைந்த விலை எது என்று மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். "விலையை வாயால் சொல்லுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். சொல்லத்தான் வேண்டும்.

விற்றால் ரசீது வாங்குங்கள். காது வில்லையின் 12 இலக்கமும், தேதியும், வாங்கியவர் பெயரும் ஊரும், தொகையும் அதில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மூக்கணாங்கயிற்றைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு வருவது நம் வழக்கம். ரசீதையும் அந்தக் கயிற்றோடு சேர்த்து முடிந்து கொண்டுவாருங்கள்.